சிவப்புக் கோடு போட்ட மாத்திரை

வில்லாபுரம்
28.8.1998

தம்பி முத்திருளனுக்கு அக்கா ராமக்காள் எழுதுவது. உன் நலத்தைக் கேட்கிற அளவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆவணி கடைசி வியாழன் உன் மச்சானுக்கு முதல் திவசம். மனுசன் இன்னும் வாசலில் நிற்கிறார், கையில் மருந்துச் சீட்டோடு. ‘யாருட்ட அப்பத்தா பேசுறே’ என்று பேத்தி பயப்படுகிறாள்.

முப்பது வருசம் அவர் மில் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள். அந்தக் காப்பீட்டு மருந்தகத்திலேயே நீ கம்பவுண்டர். டாக்டர் எழுதிய மூன்றில் இரண்டைக் கொடுத்தாய். நெஞ்சுவலி மாத்திரைக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டாய். கோடு போட்டால் அடுத்த வாரம் வரும் என்றார் உன் மச்சான். பதினொரு வாரம் காத்திருந்தோம்.

செத்தவர் ஆசைப்பட்டதை இலையில் வைப்போம். அவர் கேட்டுக் கிடைக்காதது அந்த மாத்திரைதான். ஒரு அட்டை அனுப்பு.

ராமக்காள்


மேலூர்
3.9.1998

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், வெளியே கடையில் வாங்கியது. சிவப்புக் கோடு என்றால் அரசாங்கப் பட்டியலில் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். எத்தனை வாரம் ஆனாலும் வராது. முதல் நாளே மச்சானிடம் சொன்னேன். ‘ஒங்கக்காட்ட சொல்லிராத மாப்ள, செவலைப் பசுவ வித்துப்புடுவா. பேத்திக்குப் பால் வேணும்ல’ என்றார். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, ‘ஒம் பிள்ளைகளைப் பாரு’ என்று சைக்கிளை எடுத்துவிட்டார். அவருக்கு வாக்குக் கொடுத்ததால் வாயைத் திறக்கவில்லை.

திவசத்துக்கு வரட்டுமா அக்கா?

முத்திருளன்


வில்லாபுரம்
12.9.1998

தம்பிக்கு,

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் போடவில்லை, அதுதான் பதில்.

இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, பக்கத்தில் உன் அட்டை. காக்கா சோற்றைத் தின்றது. அட்டையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அவர் இப்போது வாசலில் இல்லை. கறக்கப் போனால் செவலை என்னைப் பார்ப்பதில்லை, எனக்குப் பின்னால் பார்க்கிறது.

விற்றிருப்பேன்தான். அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. இதை மறக்க மாட்டேன். நான் இதுவரை எதை மறந்திருக்கிறேன்?

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். வாங்க வழியில்லாத யாருக்காவது கொடு. இனிமேல் கோடு போட்டால் வரிசையில் நிற்கிற ஆம்பளையிடம் மட்டும் சொல்லாதே. வெளியே வேப்பமரத்தடியில் அவன் பெண்டாட்டி தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பாள். அவளையும் கூப்பிட்டுச் சொல்.

பதினொரு வாரமும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ராமக்காள்