விடுபட்ட தேவன்

வளர்பிறை இரண்டாம் நாள்
எழுத்தர் கூடம், அசுர வேந்தன் கோட்டை

தம்பிக்கு,

பதினோரு வருடம் கழித்து அண்ணன் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கேட்டதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தேவர்களின் தேர்ப்படைக்கு ஆள் எடுத்த அன்று இருவரும்தான் வரிசையில் நின்றோம். லகான் பிடிக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். உன்னை எடுத்துக்கொண்டார்கள்; என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாய். அசுரர்கள் என் கையெழுத்தை மட்டும் பார்த்தார்கள். இன்று நான் தலைமை எழுத்தன். தனி அறை, பெரிய ஜன்னல், சாய்ந்துகொள்ள நல்ல நாற்காலி. ஒரு குறையும் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் வேந்தர் தேவர்கள் மேல் படையெடுக்கிறார். அறைகூவல் ஓலை எழுதுவது என் பொறுப்பு. ஓலையில் பெயர் சொல்லி அழைக்கப்படாத தேவனும் அவன் ஆட்களும் களத்தில் கால் வைக்கக்கூடாது என்பது இரு தரப்பும் சத்தியம் செய்த விதி. முதல் வரிசைத் தேர்கள் எந்தப் போரிலும் திரும்பியதில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

நீ இப்போது யாருடைய தேர் ஓட்டுகிறாய்? அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அண்ணன்


வளர்பிறை ஆறாம் நாள்
தேர்க் கொட்டகை

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடம் திட்டு வாங்கியதும் வீட்டுக்கே வந்துவிட்டது போல் இருந்தது. நான் தூறல் தேவருக்குத் தேர் ஓட்டுகிறேன். சின்ன தேவர், தங்கமான மனசு. தேரின் மெத்தை என்றைக்கும் ஈரமாக இருப்பதுதான் ஒரே தொல்லை.

முந்நூறு வருடம் கெஞ்சி, இந்தப் போரில் முதல் வரிசையில் இடம் வாங்கிவிட்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி பேசுவதையே நிறுத்திவிட்டாள். மகளுக்கு ஒன்பது மாதம். பார்ப்பவர்களையெல்லாம் உங்களைப் போலவே முறைக்கிறாள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

தம்பி


வளர்பிறை பன்னிரண்டாம் நாள்

அண்ணா,

நேற்று சபையில் உங்கள் ஓலையைப் படித்தார்கள். முப்பத்திரண்டு தேவர்கள் பெயர் இருந்தது. எங்கள் தேவர் பெயர் இல்லை. அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலிருந்து வீட்டுக்குள் தூறிக்கொண்டே இருக்கிறது.

என்மேல் கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். அவர் உங்களுக்கு என்ன செய்தார்? தயவுசெய்து திருத்த ஓலை ஒன்று அனுப்புங்கள்.

தம்பி


பௌர்ணமி

தம்பிக்கு,

திருத்த ஓலை கிடையாது. பிழையே இல்லாதபோது எதைத் திருத்துவது?

வேந்தரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "என்னய்யா, ஒரு ஆள் குறையுதே?" என்றார். "தூறலுக்கெல்லாம் குடை போதும், வேந்தே. படை எதுக்கு?" என்றேன். சிம்மாசனம் ஆடும்படி சிரித்து முத்திரை வைத்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

என் கோபம் தீர்ந்துவிட்டதாக நினைக்காதே. அதை வைத்துக்கொண்டிருக்க நீ உயிரோடு இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். அவமானத்தில் யாரும் செத்ததில்லை. பதினோரு வருடமாக நான் சாகவில்லை. பேசாமல் வீட்டில் கிட.

அண்ணன்


தேய்பிறை பத்தாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

போர் முடிந்தது. இரு தரப்பும் வெற்றி என்கிறார்கள். முதல் வரிசையில் எங்கள் இடம் மட்டும் காலியாகக் கிடந்ததாம். அதற்கு இரு பக்கமும் நின்ற தேர்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வலப்பக்கத் தேரோட்டி என் மகளுக்குத் தொட்டில் செய்து கொடுத்தவர். தேரில்லாமல் தனியே திரும்பி வந்த அவர் குதிரைக்கும் இப்போது நான்தான் தண்ணீர் காட்டுகிறேன்.

என் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். இன்னும் நிறுத்தவில்லை.

இன்று காலை எங்கள் தேவரே கொட்டகைக்கு வந்தார். சக்கரத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணனுக்கு எழுதுறப்ப ஒரு வார்த்தை சேத்துக்கோ. அடுத்த போர்லயும் என்னை மறந்துடச் சொல்லு" என்றார்.

மகளைத் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன், அண்ணா.

தம்பி


அமாவாசை

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை நானாகப் படித்தேன்.

உன் தேவரிடம் சொல்: அவரை மதிக்கும் உத்தேசம் எனக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

அண்ணன்