முன்வாசலில் போன ஐம்பது பேர்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் தொடங்கத்தான் நினைத்தேன், சின்னவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்படியென்றால் நீயே எழுதிக்கொள் என்கிறாள். போர்வை பிழிந்து பிழிந்து என் வலது மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருக்கிறேன், அதனால் நான் சொல்ல அவள் எழுதுகிறாள். நடுவில் எதையாவது சொருகுவாள், அதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. (சொருகுகிறேன். அக்கா, நீ ஆய்வாளர், அம்மா ஆயா. ஆய்வில் பாதியை ஆயா செய்தாள், பட்டம் மட்டும் உனக்கு முழுசாக. இந்த அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான்.)

நீ அனுப்பிய ஐம்பது படிவங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பிரசவத்துக்கு வந்த பெண்களை எங்கள் வார்டில் எப்படி நடத்தினார்கள், கூப்பிட்டதும் வந்தார்களா, வலியைக் காது கொடுத்துக் கேட்டார்களா என்று ஒவ்வொரு கேள்விக்கும் நேராக ஐந்து மூஞ்சி வரைந்திருந்தாயே. (முதல் மூஞ்சிக்கு வாயெல்லாம் பல். ஐந்தாவது, கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வரும் நான்.) வீட்டுக்குப் போகிற நாளில் கொடு, பக்கத்தில் நிற்காதே என்று எழுதியிருந்தாய். நான் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் தனியாகப் போக எனக்கு ஏது நேரம், வாசல் மேசையில் வீட்டுக்கு அனுப்பும் சீட்டோடு சேர்த்துப் பின் குத்தி வைத்துவிட்டேன். மூஞ்சியைக் குறித்தால்தான் சீட்டில் கையெழுத்து விழும் என்று அந்தப் பெண்கள் நினைத்திருக்கிறார்கள். ஒருத்தி என்னிடமே கேட்டாள், எதைக் குறிச்சா சீக்கிரம் விடுவாங்க என்று. நான் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ கூட்டிக் கழித்துப் பெரிய டாக்டருக்கு ஒரு பிரதி அனுப்பினாய், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு முழுத் திருப்தி என்று. அதை அவர் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். என் பொண்ணு எழுதினது என்று நான் காவலாளியிலிருந்து மருந்து கொடுப்பவர் வரை எல்லோரையும் இழுத்து வந்து காட்டினேன். பத்து நாள் கழியவில்லை, இங்கேதான் குறையே இல்லையே என்று மத்தியான வேளைக்கு இருந்த இரண்டு நர்ஸில் ஒருத்தியை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் உனக்கு நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவேயில்லை. குழந்தை தங்காமல் போன பெண்களை நாங்கள் வாசல் மேசை வழியாக அனுப்புவதில்லை. அங்கே வரிசையாகக் குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள், பார்த்தால் இவர்களுக்குத் தாங்காது என்று துணி துவைக்கும் அறையை ஒட்டிய பின்வாசலுக்குக் கூட்டிப்போய், துணியில் சுற்றியதை அங்கே வைத்துக் கையில் கொடுத்து வண்டி ஏற்றுவோம். இரக்கப்பட்டுச் செய்வதுதான். பதினேழு வருஷமாக அந்தக் கதவை நான்தான் திறக்கிறேன். சீட்டை வீட்டு ஆட்கள் பிறகு வந்து வாங்கிக்கொள்வார்கள். ஆக அவர்களில் ஒருத்தி கைக்கும் உன் படிவம் போகவில்லை. உன் ஐம்பதும் முன்வாசலில் போன ஐம்பது.

போன செவ்வாய்க்கிழமை உன் அண்ணியைச் சேர்த்தோம். அவள் அம்மா வேறு இடம் பார்த்து வைத்திருந்தாள், நான்தான் பலகையில் இருந்த காகிதத்தைக் காட்டி, நம்ம இடம் இருக்கும்போது எதுக்கு என்று மடக்கினேன். மத்தியானம் ஒரு மணியிலிருந்து குழந்தை அசையவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருந்த ஒரு நர்ஸும் பிரசவ அறையில் இன்னொருத்தியோடு. நான் இரண்டு தடவை கதவைத் தட்டினேன், இதோ வர்றேன் இதோ வர்றேன் என்றாள், பொய் இல்லை, அவளுக்கும் இருப்பது இரண்டு கைதான். நாலரைக்கு வந்து வயிற்றில் கருவியை வைத்தாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மறுநாள் பிறந்தது. பெண். உன் மூக்கு. (இந்த இடத்தில் சொருக என்னிடம் எதுவும் இல்லை அக்கா.)

பின்வாசலில் வண்டி ஏறும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்து, “எனக்கு அந்தப் பேப்பர் கிடையாதா அத்தை?” என்றாள். உன் ஐம்பதுக்கு மேல் கூடுதலாக ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது, எடுத்து வந்து கொடுத்தேன். இத்தோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டும் எனக்கு எழுத்து ஓடவில்லை, நீயே பார்.

பெரிய டாக்டரிடம் போய் அந்த நர்ஸைத் திருப்பிக் கேட்டேன். ஒரு சம்பவத்தை வைத்து முடிவு செய்ய முடியாதும்மா, ஐம்பது பேர் சொன்னது எழுத்தில் இருக்கே என்றார். எழுத்து உன்னுடையது, ஐம்பது என்னுடையது. அடுத்த மாசம் கூட்டத்தில் அதைப் படிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். படிக்காதே கண்ணு. நாலு வருஷ உழைப்பு, உன் பேராசிரியர் கத்துவார், எல்லாம் தெரியும். எங்க அம்மாவால கெட்டுச்சு என்று சொல்லிவிடு, என்னிடமிருந்து பிடுங்க அவர்களுக்கு எந்தப் பட்டமும் இல்லை. நீ நிறுத்தினாலும் அந்த நர்ஸ் திரும்பி வரப்போவதில்லை, போனது எதுவும் வராது. ஆனாலும் நிறுத்து. உன் அண்ணன் கடையிலேயே படுத்துக்கொள்கிறான். அவள் தைத்து வைத்த சின்னச் சட்டைகளை மடித்து, பிரித்து, திரும்ப மடிக்கிறாள். நான் வேலைக்குப் போகிறேன், சனிக்கிழமை மறுபடி அந்தக் கதவைத் திறந்தேன்.

நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். படிவத்தை நின்றுகொண்டு பிரிக்காதே, உட்கார்ந்துகொள். தண்ணீர் குடிக்க மறக்காதே.

இப்படிக்கு, இடது கையால் கிறுக்கியிருக்கும்
உன் அம்மா

அக்கா, அம்மா அண்ணிக்கு வெந்நீர் வைக்க எழுந்து போய்விட்டாள். இதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை, நீயும் சொல்லாதே. பதினொரு கேள்விக்கும் அண்ணி ஐந்தாவது மூஞ்சியைத்தான் குறித்திருக்கிறாள். பன்னிரண்டாவது கேள்வி, குழந்தையை உங்கள் கையில் கொடுத்தவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார். அதற்கு மட்டும் முதல் மூஞ்சி. பக்கத்தில் சின்னதாக, அத்தை, பின்வாசல்ல என்று எழுதியிருக்கிறாள். அதை நீ எந்தப் பக்கம் கூட்டுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.