மரை நிற்காத புதிய ஓவனும் குடோனில் கிடக்கும் பழைய ஓவனும்

அனுப்புநர்:
கீல்கடைக்காரர்,
கீல், தாழ்ப்பாள், கைப்பிடி வியாபாரம்,
கடைத்தெரு.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: ஷோரூமில் காட்டிய ஓவன் ஒன்று, வீட்டுக்கு வந்த ஓவன் வேறொன்று – மாற்றாகக் கொடுத்த பழைய ஓவனை உடைக்கவிடாமல் நிறுத்தித் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் சீட்டு நகல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து விலை பேசுவதே என் தொழில். அப்படிப்பட்டவனே ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லாத நிலையில் இதை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

1. சென்ற டிசம்பரில் பெரிய சாலையிலுள்ள வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் சமையலறைக்கு ஒரு ஓவன் வாங்கினேன். பார்வைக்கு வைத்திருந்ததன் கதவைத் திறந்து பாதியில் விட்டுப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே நின்றது. நல்ல கீலுக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். எங்கள் பழைய ஓவனை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் தள்ளித் தருவதாகச் சொன்னார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

2. பெட்டியில் வந்ததும் அதே மாடல், அதே நிறம். ஆனால் டெலிவரி ஆள் ஒருவரே அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். பழையதைக் கீழே இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. எனக்கு அப்போதே சுருக்கென்றது. பிள்ளைகள் சந்தோஷமாக நிற்கும்போது வாயைத் திறக்க மனம் வரவில்லை. பழைய ஓவனோடு வண்டியும் தெருமுனை திரும்பிவிட்டது.

3. இரண்டாம் மாதமே கதவு வலப்பக்கம் தொங்கிப்போனது. அந்த இடுக்கு வழியே சூடு வெளியேறுவதால் ஒரே தட்டில் இடது பாதி கருகுகிறது, வலது பாதி மாவாகவே இருக்கிறது. என் மனைவி கதவுக்கு ஸ்டூலை முட்டுக்கொடுத்துச் சமாளித்துப் பார்த்தார். கம்பெனியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் கீலின் திருகாணியை முறுக்கினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. பிஸ்கட் டப்பா மூடியின் கனத்தில் தகடு போட்டால் திருகாணியின் மரை எங்கே பிடித்து நிற்கும்? அவரும் தலையைச் சொறிந்தபடி ஒத்துக்கொண்டார். ஆனால் சீட்டில் “உபயோகிப்பவரின் கவனக்குறைவு” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

4. ஐயா, அந்த உபயோகிப்பவர் யார் என்று தாங்கள் அறிய வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் கைவண்டியில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். மூடப்போன ஒரு கேண்டீனிலிருந்து அந்தப் பழைய ஓவனைக் கூலிக்குப் பதிலாக வாங்கிக்கொண்டேன். குடியிருந்த ஒரே அறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் துணியெல்லாம் அதன் மேல்தான் காய்ந்தது. என் மனைவி விடியுமுன் பன் சுட்டுத் தருவார். நான் பட்டறை வாசல்களில் டீ நேரத்துக்குக் கொண்டுபோய் விற்பேன். சூடு காட்டும் முள் அதில் எப்போதோ போய்விட்டது. கதவைத் திறந்து முகத்தருகே வரும் அனலை வைத்தே அவர் பதம் சொல்லிவிடுவார். தெருவில் நுழையும்போதே வாசனை வரும். இன்றைக்கு நல்லது, எல்லாம் விற்றுவிடும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

5. ஒரு நாள் அதன் கீல் முறிந்தது. கதவைக் கம்பியால் கட்டிவைத்துவிட்டுக் கீல் தேடி அலைந்தேன். கடைசியில் கிடைத்த மொத்த வியாபாரி சில்லறையாகக் கொடுக்க மாட்டேன், ஒரு பெட்டியாக எடுத்தால் எடு என்றார். கையைப் பிசைந்துகொண்டு வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி, “பெட்டியாவே வாங்கிட்டு வாங்க. உலகத்துல நம்ம வீட்டுக் கதவு ஒண்ணுதான் ஆடுதா?” என்றார். வாங்கினேன். ஒரு ஜோடியை ஓவனில் மாட்டிவிட்டு மீதியைப் பன் கூடையிலேயே போட்டு, அதே பட்டறை வாசல்களில் விற்றேன். பன் தீருமுன் கீல் தீர்ந்தது. என் கடை பிறந்த கதை இவ்வளவுதான். இன்று எங்களுக்கு மூன்று அறை வீடு இருக்கிறது, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அன்று மாட்டிய கீலை இன்றுவரை மாற்றவில்லை.

6. அதை ஏன் கொடுத்தாய் என்று தாங்கள் கேட்கலாம். குனிந்து கனமான கதவைத் தூக்கி என் மனைவிக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. “அம்மாவுக்கு இனியாவது புதுசா ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா, அது ஓவனா இரும்புப் பெட்டியா?” என்று மகள் கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. என் மனைவி மட்டும் பழையதை இறக்கும்போது பக்கத்து அறைக்குப் போய்விட்டார். சர்வீஸ் சீட்டைப் படித்த நாளிலிருந்து புதியதன் பக்கமே போவதில்லை. எங்கள் சமையலறையில் அடுப்பு எரிகிறது, சோறு வேகிறது. அந்த வாசனை மட்டும் இல்லை.

7. ஷோரூம் மேலாளரிடம் முறையிட்டேன். பார்வைக்கு இருப்பது முந்தைய லாட்டில் வந்த சரக்கு, இப்போது இப்படித்தான் அனுப்புகிறார்கள் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “மூணு வருஷம் ஓடினா லாபம்னு வெச்சுக்குங்க ஐயா” என்றார். நானும் மாதிரிப் பலகையில் கீலை மாட்டிவைத்துத்தான் வியாபாரம் செய்கிறேன். பலகையில் இருப்பது வேறு, பெட்டியில் இருப்பது வேறு என்றால் என் வாடிக்கையாளர்கள் கடையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். விலை அதிகம் என்று நான் புகார் சொல்லவில்லை. கொடுத்த விலைக்கு உழைக்காத பொருளைக் கொடுத்தார்கள் என்கிறேன்.

8. பழையதையாவது திருப்பிக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் வந்ததைத் திருப்பித் தர விதியில்லை என்றார்கள். அது அவர்கள் குடோன் முற்றத்தில் வெயிலில் கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த மாதக் கடைசியில் எல்லாவற்றையும் உடைத்து எடைக்குப் போடுவதாகக் காவலாளி சொன்னார்.

ஆகவே, எங்கள் பழைய ஓவனை உடைக்கக் கூடாது என்று தாங்கள் இன்றே அவர்களுக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். அதைத் திருப்பித் தந்து, புதியதை எடுத்துக்கொண்டு, நான் கட்டிய தொகையையும் தரச் செய்ய வேண்டும். ஏற்றி இறக்க வண்டியும் ஆட்களும் என் செலவு. தொகை, ஓவன் இரண்டில் ஒன்றுதான் ஆகும் என்று தாங்கள் கருதினால் தொகையை விட்டுவிடுகிறேன், ஓவனை வாங்கிக் கொடுங்கள். வியாபாரம் தொடங்கிய நாள் முதல் எந்தத் தாளிலும் நான் எழுதாத வரி இது, யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, குடோன் வாசலில் வண்டியுடன் நிற்கத் தயாராக உள்ள,

(கையொப்பம்)
கீல்கடைக்காரர்

இடம்: கடைத்தெரு
நாள்: மார்ச் 12