டைகரை வரைந்த நாட்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல், காற்று. வாட்டர்கலர் காய மாட்டேன் என்கிறது. இங்கே சரவணம்பட்டியிலேயே இருக்கும் ஐ.டி. தம்பதியின் ஷிட்சு நாய்ப் படம் ஒருவழியாக முடிந்தது. போட்டோ எடுத்து அனுப்பிய பத்தாவது நிமிடம் பதில்: "மூக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் க்யூட்டா பண்ண முடியுங்களா?" அது நாயின் மூக்கு. இருப்பது அப்படித்தான். பண்ணித் தருகிறேன் என்று எழுதினேன்.

வாங்க வேண்டியது: லின்சீட் ஆயில். டைட்டானியம் வெள்ளை, பெரிய ட்யூப். அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்.

சாயங்காலம் ஒரு புது ஆர்டர் விசாரிப்பு. நிவேதா என்று ஒரு பெண், ரேஸ்கோர்ஸில் வீடு. மாமனாரின் நாய் போன மாதம் செத்துவிட்டதாம். ராஜபாளையம், பெயர் டைகர். ஹாலில் மாட்ட ஆயில் பெயின்டில் பெரிதாக வேண்டும். "அவன் எங்க குடும்பத்துல ஒருத்தனுங்க அக்கா. மாமா சரியாச் சாப்பிடறதே இல்லீங்க." மாமனார் இருக்கும் தோட்டம் தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம் என்று லொகேஷன் அனுப்பினாள்.

திறந்து பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த தோட்டம். அதாவது அதன் வேலி ஓரத்தில், ஆட்களுக்கென்று கட்டிவிட்ட ஓட்டு வீட்டில். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார்கள். அப்பா செத்ததும் அங்கேதான். எட்டு வருடம்.

முடியாது என்று டைப் செய்தேன். அழித்தேன். போட்டோ அனுப்புங்க என்று எழுதினேன். ஏன் எழுதினேன், தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

பதினான்கு போட்டோ. பதிமூன்றில் நாய் அசைந்திருக்கிறது, இல்லாவிட்டால் பின்பக்கம். ஒன்றுதான் உருப்படி. அதில் அப்பா.

காக்கிச் சட்டை, தலையில் துண்டு. குந்த வைத்து உட்கார்ந்து நாயின் கழுத்தைச் சுற்றிக் கை போட்டிருக்கிறார். சிரிக்கிறார். ஒரு பல் இல்லை. அந்தப் பல் இல்லாததை மறந்தே போயிருந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பா படம் கிடையாது. நான் மாட்ட விடவில்லை. விடியற்காலையில் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய் யானை முன்னால் நின்றவர். ஊரே அப்படித்தான் சொன்னது. பேப்பரிலும் 'போதையில்' என்று வந்தது. அப்போது நான் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருடம். ஹாஸ்டலில் அந்தப் பேப்பரை யாரோ என் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதோடு சரி. அவருக்காக நான் அழுதது இரண்டு நாள் இருக்கும்.

நிவேதாவின் வாய்ஸ் மெசேஜ்: "அந்த ஆளை மட்டும் எடுத்துருங்க அக்கா. கையும் தெரிய வேண்டாம்."

யாருங்க அவர் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. வேலைக்கு இருந்தவரா இருக்கும். நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடி எடுத்தது."

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

வாட்டர்கலரில் ஒரு சின்னப் பயிற்சிப் படம் முதலில். வெள்ளை நாய் பெரிய தொல்லை. வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசுவதில்லை, காகிதத்தைத் தொடாமல் விடுவது. ஆயிலில் நேர்மாறு. வெள்ளையைப் பூச வேண்டும், ஆனால் எங்கேயும் சுத்த வெள்ளை கிடையாது. வயிற்றடியில் செம்மண் நிறம், காதுக்குள் ரோஸ், நிழலில் நீலம். மூக்கும் ரோஸ்.

கேன்வாஸில் கோடு போட்டாயிற்று. கை இருந்த இடம்தான் சிக்கல். அதன் அடியில் மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? மற்ற போட்டோக்களைப் பார்த்து ஊகித்துப் போட்டேன். நன்றாகவே வந்தது. அழிப்பதற்கு இவ்வளவு கை வரும் என்று நினைக்கவில்லை. கோபம் இருந்தால் கை நடுங்காது போலிருக்கிறது.

கீழ்வீட்டுக்காரம்மா மாடிக்குத் துணி எடுக்க வந்து எட்டிப் பார்த்தார். "நாயெல்லாம் ஆயில்ல நிக்குது. எங்க மாமியாருக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோகூட இல்லீங்க."

ஜூன் 17, செவ்வாய்

கண் நிறம், கழுத்துப் பட்டை இரண்டும் போட்டோவில் தெரியவில்லை. நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வந்த நாய், லீவில் தூரத்தில் பார்த்ததோடு சரி. பட்டையைத் தோட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள், மாமா கையை விட்டுக் கொடுக்க மாட்டார், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் நிவேதா. காந்திபுரத்தில் பஸ் மாறிப் போனேன். மலை முழுக்க மேகம். வேலி ஓரத்தில் எங்கள் வீடு இல்லை. அந்த இடத்தில் சொட்டுநீர்ப் பைப் சுருள் சுருளாகக் கிடக்கிறது.

பெரியவர், நிவேதாவின் மாமனார், வாசலுக்கே வந்தார். "வாங்க அம்மணி, வாங்க, உள்ள வாங்க." அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், என் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்? அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியது இன்றைக்குத்தான் முதல் தடவை. சோபா. உக்காருங்க என்று அவர் மனைவி வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார்.

"சொந்த ஊரு எதுங்க அம்மணி?"

"பொள்ளாச்சிப் பக்கமுங்க." பொய்.

"பொள்ளாச்சில எங்கீங்க? யாரூட்டுப் பொண்ணு?"

அதற்குள் நிவேதா பட்டையைக் கொண்டுவந்து காப்பாற்றினாள். பழுப்புத் தோல், பித்தளை வளையம். வரைந்துகொண்டேன். கண் தேன் நிறம், வலது கண் சற்று வெளுப்பு என்று பெரியவர் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர்.

அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார். நான் பென்சிலை நிறுத்தவில்லை. இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"டைகருக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க. ஆனா அதிஷ்டம்னா அப்படி ஒரு அதிஷ்டம். ஒருக்கா விடியால அஞ்சு மணிக்கு ஆனை பூந்துருச்சு. இவன் மோட்டார் ரூம்புகிட்டக் கட்டிக் கெடக்கறான். ஆனை வர்றது தெரியாது பாருங்க. நான் மாடில இருந்து பாத்துட்டு உடனே போனைப் போட்டேன். டேய் ரங்கா, ஓடிப் போயி நாயை அவுத்து உட்றான்னு. அவனும் போயி அவுத்துட்டான். நாலு கால் பாய்ச்சல்ல நேரா ஊட்டுக்கு வந்துட்டானுங்க டைகரு. ஒரு கீறல் இல்ல."

"ரங்கன்?"

"அவன் மாட்டிக்கிட்டானுங்க. பாவம்." பித்தளை வளையத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். "பட்டையில அந்த வளையம் நல்லாப் பளபளன்னு வரோணும் அம்மணி."

சரிங்க என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். திரும்பும் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.

ஜூன் 18, புதன்

வேலை ஓடவில்லை. பிரஷ்களைக் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

அம்மாவுக்கு ஐ.டி. பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நான்கு மணிக்கு வந்தாள். யூனிஃபாரத்தைக்கூட மாற்ற விடாமல் கேட்டேன்.

"அன்னிக்கு அப்பா குடிச்சிருந்தாராம்மா?"

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. பையைக் கீழே வைத்தாள். "இல்ல கண்ணு."

"பெரியவர் போன் பண்ணித்தான் அப்பா போனாரா?"

"ஆமா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்புறம் குடிச்சிருந்தார்னு யார் சொன்னது?"

"பெரியவருதான். வந்து விசாரிச்சவங்ககிட்ட அவருதான் சொன்னாரு. நாயை அவுக்கப் போகச் சொன்னேன்னு சொன்னா அவரு தலையில விடியுமில்ல?"

எட்டு வருடம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் குறைந்தது.

"சொல்லி? இருந்தது அவங்க ஊட்டுல. நீ ஆஸ்டல்ல. அவங்களை எதுத்துப்போட்டு, லீவுக்கு நீ வந்தா உன்னைய எங்க கூட்டியாந்து படுக்க வெக்கறது?"

"இங்க வந்து ஆறு வருசம் ஆச்சேம்மா."

"அப்புறம் நீயே சொல்லிப்போட்ட, அந்தாளைப் பத்திப் பேச்செடுக்காதேன்னு. நான் எடுக்கலை."

நான்தான் சொன்னேன். 'அந்தாள்' என்றுதான் சொன்னேன்.

முட்டியைத் தேய்த்துக்கொண்டே அம்மா: "அவங்க சொல்லலைன்னாலும் உங்கப்பன் போயிருப்பாரு. காது கேக்காத சீவன்னு அதைக் குட்டியில இருந்து தூக்கித் தூக்கி வளத்துனாரு. அந்த நேரத்துல நாம ரெண்டு பேரு இருக்கறது நெனப்பு வந்துச்சா அவருக்கு? எனக்கு அந்தக் கோவந்தான் இன்னும் ஆறலை."

ஜூன் 19, வியாழன்

அம்மாவோடு பேச்சில்லை. சாப்பாடு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். புளிக்குழம்பு. சாப்பிட்டேன்.

நாள் பூராவும் படம். ஷிட்சுக்காரி இரண்டு தடவை போன், எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முடிந்தது. நான் இதுவரை போட்டதில் இதுதான் நல்ல படம். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. காது கேளாத நாய்கள் ஆளின் வாயைப் பார்க்காது, கையைப் பார்க்கும். அந்தப் பார்வை அப்படியே வந்திருக்கிறது. மோசமாக வரைந்திருக்கலாம். வரவில்லை.

காய மூன்று நாள். வெயில் இல்லை, டேபிள் ஃபேன்.

ஜூன் 25, புதன்

படத்தைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர், அவர் மனைவி, நிவேதா, அவள் கணவன், ஒறம்பறை என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஹாலில் ஆணி அடித்துத் தயாராக இருந்தது. படத்தை நாற்காலியில் சாய்த்துவைத்துத் துணியை எடுத்தேன். பெரியவர் கிட்டே போய்க் கழுத்து மயிரைத் தடவப் பார்த்தார். ஈரம் இருக்குங்க என்று கையைப் பிடித்தேன். "டைகரு, டைகரு" என்று விசும்பினார். பாவமாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது பேசிப் பார்த்த நாலைந்து வாக்கியமும் மறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான்: "நான் ரங்கன் மகளுங்க. அன்னைக்கு நீங்க போன் பண்ணித்தான் அப்பா போனாரு, குடிச்சிருக்கலைன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார்.

"நான் எப்பக் கண்ணு போன் பண்ணினேன்?"

"போன வாரம் இதே எடத்துல உக்காந்து சொன்னீங்க."

"அதெல்லாம் இல்ல. வயசாச்சு, நான் ஏதோ சொல்ல, நீ ஏதோ புரிஞ்சிருப்ப." எழுந்து உள்ளே போய்விட்டார். போகும்போதும் படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் மனைவிக்குக் குரல் உயரவில்லை. "எந்தப் பேச்சை எங்க வந்து பேசறே? படத்தை வெச்சுப்போட்டுக் கெளம்பு." போன வாரம் வாங்க, உக்காருங்க என்றவர்.

துணியால் மூடினேன். படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நிவேதாவின் கணவன் எழுந்தான். ஆனால் என்னைத் தடுக்கவில்லை.

கேட் வரைக்கும் நிவேதா ஓடி வந்தாள்.

"அந்த போட்டோல இருந்தது உங்கப்பாங்களா அக்கா?"

ஆமாம் என்றேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க." அழுதுவிடுவாள் போலிருந்தது. உண்மையாகத்தான் சொன்னாள். அப்புறம்: "படத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க அக்கா. பாவம் மாமா, சாப்பிடவே மாட்டேங்கறாரு."

பஸ்ஸில் படத்தை நிறுத்த இடமில்லை. மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்து, "கடிக்காதுங்களே?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 26, வியாழன்

சாரல் விட்டிருக்கிறது. நிவேதா ஏழு தடவை போன். கடைசியில் ஒரு மெசேஜ்: ஸாரி. நம்பரைப் பிளாக் செய்தேன்.

அம்மாவுக்கு இன்று லீவு. நேற்று நடந்ததைச் சொன்னேன். எட்டு நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு. அவள் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அது அரை மணி நேரம் இருக்கும்.

என்னால் அதை இந்த அறையில் வைத்திருக்க முடியாது. பெயின்ட் கத்தியை எடுத்தேன். உள்ளே இன்னும் ஈரம், வழித்தால் வந்துவிடும், கேன்வாஸாவது மிஞ்சும். காதிலிருந்து ஆரம்பிக்கப் போனேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்று. அது என்ன பண்ணுச்சு, பாவம்."

"அப்ப இதை என்ன பண்றது?"

"கெடக்கட்டும்."

கத்தியைத் துடைத்து வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா நாயைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்வது மாதிரி இல்லாமல்:

"போனு வந்தப்பத்தான் டீ ஆத்திக் கையில குடுத்தேன். வந்து குடிச்சுக்கறேன்னு திட்டு மேல வெச்சுட்டு ஓடுனாரு."

"அந்த டீயை என்னம்மா பண்ணுன?"

"ரொம்ப நேரம் ஆளக் காணோம். ஆறிப்போவுதேன்னு நாங் குடிச்சுப்போட்டேன்."