அமாவாசைக்குக் கிடைத்த கணினி

இன்று காலை தெருவில் தறிச் சத்தமே இல்லை. அமாவாசை என்று பிறகுதான் நினைவு வந்தது.

ஒன்றாகப் படித்த காலத்தில் நமக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தானே கிடைக்கும். நெசவுக்கு விடுமுறை. பெரிய காஞ்சிபுரத்தில் உன் அண்ணன் சேலைக்கு டிசைன் போடும் கடையும் பூட்டியிருக்கும். மாங்காயும் மயிலும் வரைகிற அவர் கணினியில் நாம் டெங்கு வைரஸின் புரதத்தை அசையவிட்டுப் பார்ப்போம். எப்போதும் வெளியே தெரிகிற ஓர் இடம் அதில் அகப்பட்டால், அதை வைத்துத் தடுப்பூசிக்கு முயலலாம் என்று நம் பேராசிரியர் சொல்லியிருந்தார். எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும்.

கடைசி அமாவாசையன்று நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். தனியாகப் போனேன். அந்தப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். அவற்றைப் பொருத்தவே அரைநாள் ஆகும். அன்று நேரம் போதாதென்று பொருத்தாமலே ஓட்டினேன். அருமையான இடம் ஒன்று தெரிந்தது. பேராசிரியர் மகிழ்ந்துபோய், அதை வைத்து ஊசி தயாரித்து எலிகளுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி வேறோர் ஆய்வகத்துக்கு எழுதிவிட்டார்.

உனக்கு வந்திருப்பதும் டெங்குதான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

“இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நின்னுக்கினு இருக்கற? எடம் கெடச்சுதா?”

“கெடச்சுதுடி.”

“சக்கரையெல்லாம் போட்டுட்ட இல்ல?”

“போட்டுட்டேன்.”

“அப்ப மொத ஊசி எனக்குத்தான், சொல்லிட்டேன்” என்று சிரித்தாய்.

நான்காம் நாள் நீ இல்லை.

தடுப்பூசியால் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் வைரஸைச் சரியாகப் பிடிக்காவிட்டால், டெங்குவை இன்னும் கடுமையாக்கிவிடலாம் என்று எங்கோ படித்து எனக்குச் சொன்னவளே நீதான். உன் காரியம் முடியும்வரை கடை பூட்டியே இருந்தது. உன் அண்ணனிடம் சாவி கேட்க நாக்குக் கூசியது. கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். சங்கிலிகளைப் பொருத்தி மறுபடி ஓட்டினேன். அந்த அருமையான இடம் அவற்றுக்கு அடியில், எந்த எதிர்ப்பொருளும் சரியாகப் பிடிக்க முடியாதபடி மறைந்து கிடந்தது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தொலைபேசியை எடுத்து நிறுத்தச் சொன்னார். நல்லவேளை, எலிகளுக்கு இன்னும் போட்டிருக்கவில்லை. உன்னிடம் சொன்ன பொய்யை நிறுத்தத்தான் எந்தத் தொலைபேசியும் இல்லை.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் கணினிகள் எந்த நாளும் ஓடுகின்றன. அவசரம் எதுவும் இல்லை. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. தொடங்குமுன் சங்கிலிகளை இருமுறை எண்ணுகிறேன். பிறகு, அறையில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, “போட்டுட்டேன்டி” என்கிறேன்.

இன்றும் சொன்னேன். சொன்னபிறகு, மறுபடியும் எண்ணினேன்.