பதினோராம் நாள்

பிள்ளைப்பாக்கம்
12.11.1971

அன்புள்ள உங்களுக்கு,

தாய்லாந்துப் பயணத்துக்கு நீங்கள் எழுதி அனுப்பிய இருபத்திரண்டு நாள் திட்டம் வந்தது. பாங்காக், அயுத்தயா, வடக்கே சியாங்மாய் எல்லாம் சரி. பதினோராம் நாளை மட்டும் அடித்துவிட்டேன்.

தவறு என்னுடையது. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது திட்டத்தை உரக்கப் படித்தேன். "காஞ்சனபுரி, யுத்தகால ரயில்பாதை, கல்லறைகள்" என்றதும் முறம் நின்றது.

"அங்க இன்னாத்துக்கு?"

"மாமாவைப் பத்தி விசாரிக்கத்தான் அத்தை. மலேயாவுலேருந்து அந்தப் பாதை போட ஜப்பான்காரங்க இழுத்துட்டுப் போனாங்களே."

"இருபத்தெட்டு வருசமா ஒரு சேதியும் வர்ல. அதான் என் கழுத்துல தாலி கீது. உம் புருசன் அங்க போயி, ஆளு இல்லன்னு எழுதி வாங்கியாந்து அவுக்கச் சொல்வானா?"

முகமே நினைவில்லாத அப்பாவுக்கு ஓர் இடமாவது இருக்கட்டும் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் அங்கே பெயர் பொறித்த கல்லெல்லாம் சிப்பாய்களுக்குத்தான். கூலிகளுக்கு இல்லை என்று நூலகப் புத்தகம் சொல்கிறது.

மறுநாள் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்வந்த அத்தை, ஒரு புது வேட்டியை என் பெட்டியில் வைத்தார்.

"அங்க கடத்தெருவுல எங்கனா உங்க மாமாவக் கண்டுகினா குடு. உம் புருசனாட்டம் ஒசரமில்ல, நாலு முழம் போதும்."

பெட்டியில் இடம் போதவில்லை. என் புத்தகங்களில் இரண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

உங்களோடு புறப்படக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி