வரிசையில் உன் மஞ்சள் பை

நம் ஃப்ளாட் சொசைட்டி லாஃப்டிலிருந்து இன்று உன் பலகையை இறக்கினோம். சுற்றியிருந்த பழைய பெட்ஷீட்டைப் பிரித்ததும் பெயிண்டும் கறுப்பு மையும் கலந்த அந்த வாசனை. உன் வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தாலும் அதுதானே முதலில் மூக்கில் ஏறும்! பக்கத்து நாடு ஒன்றில் மறுபடியும் ஓர் அரசு கவிழ்ந்திருக்கிறது. இந்த வருஷமும் கணபதி பந்தலில் நீ வரைந்த படத்தையே வைக்கலாம் என்று சொன்னது யார் தெரியுமா? நம் சொசைட்டி சேர்மன். ஆமாம், அவரேதான். சிரிக்காதே.

இலங்கையில் அரசு சரிந்த வருஷம் நீ வரைந்த படம் இது. ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததை டீவியில் பார்த்துவிட்டு, புனேயில் நம் சாங்வி ஏரியா முழுக்கச் சிரித்தது. அதையே பந்தலுக்கு வரையச் சொன்னது கமிட்டி. ஜாலியாக இருக்குமாம். கட்கி ஃபேக்டரியில் ஆயுசு முழுக்க டிராயிங் போட்டு ரிட்டையர் ஆனவள் நீ. தேவையில்லாமல் ஒரு கோடு இழுக்க மாட்டாய். "குளத்துல ஒரு நாள்தான் குதிச்சான். அதுக்கு முன்னாடி எத்தன மாசம் க்யூல நின்னான், அத எவன் பாத்தான்?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாய்.

பலகையின் ஒரு மூலையில் பிரம்மாண்டமான ஒரு பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டு ஓடுகிற தலைவருக்கு முகமே கிடையாது. பெட்டிக்கடியில் இரண்டு கால்கள் மட்டும். மீதி இடமெல்லாம் காலிக் கேனும் சிலிண்டருமாக நீண்ட வரிசை. நின்றவர்கள் எல்லாரும் நம் சொசைட்டி ஆட்கள்! வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், டாக்டரம்மா, தொப்பையோடு சேர்மன், கடைசியில் நான். நாட்டின் பெயரை எழுதேன் என்றேன். "பேர் எழுதினா அது அவங்க கதை ஆயிடும்டி. நாம உச்சுக் கொட்டிட்டு பிரசாதம் வாங்கிட்டுப் போயிடுவோம்."

எனக்குப் பின்னால் தரையில் ஒரு மஞ்சள் பை. யாருடையது என்று நான் கேட்கவே இல்லை. கட்கி குவார்ட்டர்ஸில் மண்ணெண்ணெய் க்யூவில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, "பாத்துக்கடி" என்று ஓடிவிடுகிறவள்தானே நீ! அந்தப் பைக்காக நான் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

சேர்மன் வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. கையில் கேனைக் கொடுத்துத் தன்னைப் பிச்சைக்காரனாக்கிவிட்டாய் என்று இந்தியில் கத்தினார். தன்னை எடுக்காவிட்டால் பலகை பந்தலுக்குள் வராது என்றார். மறுநாள் கணபதி வருகிறார். உன் அத்தனை உழைப்பும் வீணாகிவிடுமே என்று உன்னைத் தனியே இழுத்தேன். "மூஞ்சிய மட்டும் மாத்திடேன்டி, தொலையட்டும்" என்றேன். "வேற மூஞ்சி போட்டா பொய்யாயிடும்" என்று சொல்லி, வெள்ளை பெயிண்டால் ஆளையே மறைத்தாய்.

ஆரத்திக்கு வந்த ஜனம் சாமியை ஒரு கண்ணாலும் பலகையை ஒரு கண்ணாலும் பார்த்தது. "அரே, யே தோ மை ஹூன்!", அட இது நான்தான் என்று இஸ்திரிக்காரர் மனைவியை இழுத்து வந்து காட்டினார். அப்புறம் யாரோ கேட்டார்கள், எல்லாரும் இருக்கிறோமே, சேர்மன் எங்கே என்று. டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகப் பெட்டிக்கடியில் இருந்த கால்களைக் காட்டினாள். அவ்வளவுதான், பந்தலே அதிர்ந்தது! அது அவர் காலே இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். யார் கேட்டார்கள்?

மறுநாள் விடிந்ததும் உன் வாசலில் சேர்மன். "பெஹன்ஜி, முஜே வாபஸ் லைன் மே டாலோ." தன்னை மறுபடி வரிசையில் போடச் சொல்கிறார்! நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாயே, அவர் இந்தியிலேயே: போடுகிறேன், ஆனால் நடுவில் நுழைத்தால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், கடைசியில் போய் நில்லுங்கள் என்று! எனக்குப் பின்னால் பை, பைக்குப் பின்னால் சேர்மன். அன்று உன்னை நினைத்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, என் பெண் டிகிரி வாங்கியபோதுகூட அப்படி வரவில்லை.

இன்று பலகையைத் துடைத்து நிறுத்தினோம். புதிதாகக் குடிவந்த ஒருவர் தன் முகத்தையும் அதில் யாராவது வரைந்தால் நன்றாயிருக்கும் என்றார். பை இருக்கும் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று விரலால் தொட்டும் காட்டினார். என்னவென்று சொல்வேன், நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்றா? அதற்குள் சேர்மன் முந்திக்கொண்டார். அது சும்மா இல்லை, அங்கே ஆள் இருக்கிறது என்றார், தன் இந்தியில். "அவங்களுக்குப் பின்னாடி நிக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? நீங்க எனக்குப் பின்னாடி வாங்க."

இப்போதெல்லாம் எந்த நாட்டில் அரசு விழுந்தாலும் என் கண் மாளிகைப் பக்கம் போவதில்லை. வரிசையில் நின்ற முகங்களைத்தான் தேடுகிறது. நீ பழக்கிவிட்டது.

பை பத்திரமாக இருக்கிறதுடி. இந்தத் தடவை நான் சண்டைகூடப் போடவில்லை.